அரசு வழக்கறிஞர் ஓட்டுக் கேட்டு வந்தால்...

2004 ஏப்ரல். சான்பிரான்சிஸ்கோவின் செயின்ட் மேரி பேராலயத்தில் ஐசக் எஸ்பினோசா என்ற 29 வயதுக் காவலரின் இறுதிச் சடங்கு. ரோந்தில் இருந்தவரை ஏகே-47 ரகத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றிருந்தான் ஓர் இளைஞன். காவலரின் மகளுக்கு அப்போது மூன்று வயது. பேராலயம் முழுக்கச் சீருடைகள். பதவியேற்று மூன்று மாதமே ஆகியிருந்த மாவட்ட அட்டர்னி கமலா ஹாரிஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பேச எழுந்தார். மரண தண்டனை என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்ட கொலைக்குத்தான் என்றார். சீருடைகள் எழுந்து நின்று கைதட்டின. அந்தக் கைதட்டல் யாரைக் குறிவைத்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கொலை நடந்த மூன்றாம் நாளே, மரண தண்டனை கேட்கப் போவதில்லை என்று கமலா அறிவித்திருந்தார். அது தேர்தலில் அவர் கொடுத்த வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றியதற்காகப் பல ஆண்டுகள் போலீஸ் சங்கம் அவரைப் பகையாகவே பார்த்தது. கொலையாளிக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

பதினைந்து ஆண்டு கழித்து அதே பெண் அதிபர் பதவிக்கு நின்றார். அவருடைய கட்சியின் இளைஞர்களே ‘கமலா ஒரு போலீஸ்’ என்று மீம் போட்டார்கள். கறுப்பின இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பியவர் என்றார்கள். மேலும் ஐந்து ஆண்டு போனது. 2024-ல் அதே பழைய வேலை கட்சியின் பெருமையாகிவிட்டது. குற்றவாளியை எதிர்த்து நிற்க அரசு வழக்கறிஞரைவிடப் பொருத்தமானவர் யார் என்று மேடைதோறும் கேட்டார்கள். எதிர்முகாமோ குற்றவாளிகளிடம் இளக்கம் காட்டியவர் என்று அவரைச் சாடியது. ஆள் ஒன்று, ஏடு ஒன்று. மக்கள் சொன்ன தீர்ப்பு மட்டும் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தது.

நம்மூர் கோர்ட் வளாகத்தில் ‘பி.பி.’ என்றால் அரசாங்கம் நியமித்த வக்கீல். ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவரும் மாறுவார். அவர் தெருத்தெருவாகப் போய் வாக்குக் கேட்பதை நம்மால் கற்பனை செய்ய முடியாது. அமெரிக்காவில் அதுதான் நடைமுறை. உள்ளூர் அளவில் 2,300-க்கும் மேற்பட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகங்கள் அங்கே உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அவற்றின் தலைவரான மாவட்ட அட்டர்னியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா, எந்தப் பிரிவில் போடுவது, எத்தனை ஆண்டுக்குப் பேரம் பேசுவது எல்லாம் அவர் கையில். ‘குற்றத்தை ஒப்புக்கொள், தண்டனையைக் குறைக்கிறேன்’ என்ற பேரத்தில்தான் அங்கே வழக்குகள் முடிகின்றன. தண்டனைகளில் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 சதவீதமும் இப்படி ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012-ல் எடுத்துச் சொன்னது. அதாவது, சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை, ஜூரிகளின் தீர்ப்பு எதுவும் இல்லாமல், ஒரு சிறிய அறையில் இரண்டு வக்கீல்களுக்கு இடையே ஒரு மனிதனின் வாழ்க்கை தீர்மானமாகிவிடுகிறது. அந்த அறைக்குள் நடப்பதை வாக்காளர் பார்ப்பதில்லை. என் பார்வையில், மக்கள் மனநிலை ஊசலாடுவதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. கண்ணால் காணாத வேலையை எடைபோட அன்றைய பயம் ஒன்றுதான் அவர்களிடம் படிக்கல்லாக இருக்கிறது.

ரவுடிக்குப் பயந்த ஊர், ரவுடியைப் பிடித்தவரைத் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடும். 1930-களின் நியூயார்க் அப்படித்தான் தாமஸ் டூயியைக் கொண்டாடியது. மாஃபியா தலைவன் லக்கி லூசியானோவுக்கு 1936-ல் 30 முதல் 50 ஆண்டு தண்டனை வாங்கிக் கொடுத்தவர் அவர். அவரை மனதில் வைத்து ‘மிஸ்டர் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி’ என்ற வானொலித் தொடரே 1939-ல் வந்தது. வெறும் மாவட்ட அட்டர்னியாக இருந்தபோதே, 38 வயதில், 1940-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் முதல் சுற்றில் முன்னிலை பெற்றார். பிறகு ஆளுநர் ஆனார். 1944-லும் 1948-லும் அதிபர் தேர்தலில் நின்று இரண்டு முறையும் தோற்றார். இரண்டாவது தோல்வி, அவர் ஜெயித்துவிட்டதாக ‘சிகாகோ டிரிப்யூன்’ தலைப்புப் போட்டதால் இன்றும் நினைவில் நிற்கிறது. அதே லூசியானோவின் தண்டனையை 1946-ல் ஆளுநராகக் குறைத்து இத்தாலிக்கு அனுப்பிவைத்தவரும் டூயிதான்.

1948-ல் டூயியுடன் துணை அதிபர் பதவிக்கு நின்றவர் ஏர்ல் வாரன். அவரும் அரசு வழக்கறிஞர்தான். கலிபோர்னியாவின் அலமேடா கவுன்டியில் 1925 முதல் மாவட்ட அட்டர்னி, பிறகு மாநில அட்டர்னி ஜெனரல், பிறகு ஆளுநர். 1946 தேர்தலில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டும் அவரையே வேட்பாளராக ஏற்கும் அளவுக்கு அவருக்குச் செல்வாக்கு இருந்தது. அவருடைய ஏட்டில் ஒரு கறையும் உண்டு. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க வேண்டும் என்று அட்டர்னி ஜெனரலாக உரக்கக் குரல் கொடுத்தார். அப்படி அடைபட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். அதற்காக அன்று ஒரு வாக்குகூட அவருக்குக் குறையவில்லை, கூடியிருந்தால் வியப்பில்லை. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான பிறகு, குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கும் வக்கீல் வேண்டும், கைதாகிறவனிடம் அவனுடைய உரிமையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற தீர்ப்புகளை 1963-லும் 1966-லும் தந்தது அவருடைய நீதிமன்றம்தான். முகாம் விஷயத்துக்காக வருந்துவதாக நினைவுக் குறிப்பில் எழுதினார். அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்த அலமேடா அலுவலகத்தில்தான் 1990-ல் கமலா ஹாரிஸ் இளநிலை வழக்கறிஞராகச் சேர்ந்தார்.

கமலாவின் தாய் சியாமளா, மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்து பி.வி.கோபாலனின் மகள், 19 வயதில் 1958-ல் பெர்க்லி போய்ப் புற்றுநோய் ஆய்வாளரானவர். சிவில் உரிமை ஊர்வலங்களுக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப் போனவர். அந்த வீட்டில் அரசு வழக்கறிஞர் என்பது ஊர்வலத்தின் எதிர்ப்பக்கம் நிற்கும் வேலை. அந்த வேலைக்கு ஏன் போகிறேன் என்று குடும்பத்திடம் ஆய்வேட்டுக்கு வாதாடுவதுபோல வாதாட வேண்டியிருந்ததாகக் கமலாவே பலமுறை சொல்லியிருக்கிறார். வெளியே நின்று கோஷம் போட ஆள் வேண்டும், உள்ளே உட்கார்ந்து முடிவெடுக்கவும் ஆள் வேண்டும் என்பது அவருடைய வாதம். நல்ல வாதம்தான். உள்ளே உட்கார்ந்து எடுத்த முடிவுகள் என்ன என்ற கேள்வி மட்டும் அதன் பிறகு அவரை விடவே இல்லை.

அந்த நாட்டில் பெண் வேட்பாளருக்கு இந்த வேலை ஒரு ஏணி என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘பெண்ணால் கண்டிப்பாக இருக்க முடியுமா’ என்ற சந்தேகத்துக்கு, கொலைகாரனைச் சிறைக்கு அனுப்பிய ஏடு பதில் சொல்லும். மினசோட்டாவின் ஏமி குளோபுசாரும் நெவாடாவின் கேத்தரின் கார்டெஸ் மாஸ்டோவும் அந்த ஏணியில் ஏறித்தான் செனட்டுக்குப் போனார்கள். 1988-ல், வார இறுதி விடுப்பில் சிறையிலிருந்து வெளியே வந்த ஒரு கைதி செய்த குற்றத்தை விளம்பரமாக்கி ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாகிஸைத் தோற்கடித்த பிறகு, அந்தக் கட்சியினருக்கு அந்த ஏணி கூடுதலாகத் தேவைப்பட்டது. 1994-ல் கலிபோர்னியா ‘மூன்றாவது முறை’ச் சட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே இரண்டு பெரிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக ஒன்றில் சிக்கினால் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை.

அந்தக் காற்றில்தான் கமலா 2003-ல் நின்றார். அப்போதைய மாவட்ட அட்டர்னி டெரன்ஸ் ஹாலினன் குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கித் தரவில்லை என்று பிரசாரம் செய்து ஜெயித்தார். கடுமை காட்டுவேன் என்பதும் மரண தண்டனை கேட்க மாட்டேன் என்பதும் அவருடைய ஒரே மூச்சில் வந்த வாக்குறுதிகள். முதல் முறை போதைப்பொருள் விற்றுப் பிடிபட்ட இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பாமல், படிப்பும் வேலையும் கொடுத்து வழக்கை ரத்து செய்யும் திட்டத்தை 2005-ல் தொடங்கினார். அதைப் பின்னர் பிற ஊர்களும் எடுத்துக்கொண்டன.

பள்ளிக்கு வராத பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொலையுண்ட இளைஞர்களில் ஆகப் பெரும்பாலானோர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்று கமலா கண்டார். அப்படியானால் நாளைய கொலையை இன்று தடுக்கும் இடம் ஆரம்பப் பள்ளி. கணக்கு சரிதான். பிள்ளை மாதக்கணக்கில் வகுப்புக்கு வராத வீடுகளுக்கு மாவட்ட அட்டர்னியின் முத்திரையோடு கடிதங்கள் போயின. சான்பிரான்சிஸ்கோவில் எந்தப் பெற்றோரையும் அவர் சிறைக்கு அனுப்பவில்லை, வருகையும் கூடியது. ஆனால் அதே யோசனை மாநிலச் சட்டமாகி 2011-ல் அமலுக்கு வந்தபோது, பெற்றோருக்கு ஓராண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம் என்று எழுதப்பட்டிருந்தது. 2013-ல் ஆரஞ்சு கவுன்டியில் ஒரு தாயை வீட்டிலிருந்து கைவிலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். அவருடைய மகளுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. பிள்ளை பள்ளிக்கு வராமல் மருத்துவமனையில் கிடந்தது அந்த நோயால். வழக்கு கடைசியில் கைவிடப்பட்டது. கைவிலங்கோடு அந்தத் தாய் நின்ற காட்சி கைவிடப்படவில்லை.

அந்தத் திட்டத்தை விவரித்து 2010-ல் கமலா சிரித்துப் பேசிய காணொளி 2019-ல் மீண்டும் சுற்றியது. விளைவுகளுக்காக வருந்துவதாக அப்போது சொன்னார். கடிதம் எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அரசு வழக்கறிஞரின் முத்திரை எங்கே போனாலும் அதன் பின்னால் ஒரு காவலர் வருவார். தாய்க்கு உதவி செய்ய அந்த முத்திரை ஏற்ற கருவி அல்ல.

கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் பதவிக்குக் கமலா நின்ற 2010 தேர்தலில், எதிர்த்து நின்ற லாஸ் ஏஞ்சலஸின் மாவட்ட அட்டர்னி ஸ்டீவ் கூலி வாக்கு எண்ணிக்கை இரவிலேயே வெற்றி உரை ஆற்றிவிட்டார். மூன்று வாரம் எண்ணி முடித்தபோது, ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் கமலா ஜெயித்திருந்தார். அந்தத் தேர்தலுக்காகச் சென்னை பெசன்ட் நகர் வரசித்தி விநாயகர் கோயிலில் 108 தேங்காய் உடைக்கச் சொல்லிச் சித்தியிடம் அவர் கேட்டுக்கொண்டதும், அந்தச் சித்தி உடைத்ததும் நம் பத்திரிகைகள் விரும்பி எழுதிய செய்தி. அதில் தப்பில்லை. 2020-ல் கட்சி மாநாட்டு மேடையில் ‘சித்திகள்’ என்ற தமிழ்ச் சொல்லை அவர் சொன்னபோது நம் வீடுகளில் எழுந்த பூரிப்பும் பொய்யில்லை. ஆனால் ஓக்லாந்தில் அண்ணனையோ மகனையோ சிறைக்கு அனுப்பிய வீடு அவரைப் பார்த்த கண் வேறு. நாம் உறவுமுறையைப் பார்த்தோம். அவர்கள் குற்றப்பத்திரிகையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார்கள்.

அந்தக் கையெழுத்தில் சில மன்னிக்க முடியாதவை. சான்பிரான்சிஸ்கோ போலீஸ் ஆய்வகத்தில் பரிசோதகர் ஒருவர் போதைப்பொருளைக் கையாடியது 2010-ல் வெளியே வந்தது. நூற்றுக்கணக்கான வழக்குகள் கைவிடப்பட்டன. அந்தப் பரிசோதகர் நம்பத்தகுந்தவர் அல்ல என்ற விவரத்தை எதிர்த்தரப்புக்குச் சொல்லாமல் விட்டதற்காகக் கமலாவின் அலுவலகத்தை நீதிபதி கண்டித்தார். இன்னொன்று: கத்தி வைத்திருந்ததாக ‘மூன்றாவது முறை’ச் சட்டத்தில் 27 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை பெற்ற ஒருவர். அவர் நிரபராதி என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, விடுவியுங்கள் என்றது கூட்டாட்சி நீதிமன்றம். மனுவைக் காலக்கெடு தாண்டிப் போட்டார் என்று காரணம் காட்டி அட்டர்னி ஜெனரல் அலுவலகம் மேல்முறையீடு செய்தது. அவர் வெளியே வந்தது 2013-ல்.

2014-ல் கலிபோர்னியாவின் மரண தண்டனை முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். பேராலயத்தில் அத்தனை கைதட்டலையும் தாங்கிக்கொண்ட அதே கமலா அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். மாநிலச் சட்டத்துக்காக வாதாடுவது அட்டர்னி ஜெனரலின் கடமை என்பது அவருடைய ஆதரவாளர்கள் சொன்ன சமாதானம். அந்தச் சமாதானம் நிற்காது. ஒரே பாலினத் திருமணத்தைத் தடை செய்த எட்டாம் எண் சட்டமும் மக்கள் வாக்களித்து வந்த மாநிலச் சட்டம்தான். அதற்காக வாதாட மாட்டேன் என்று மறுத்தவரும் அவர்தான். அந்தத் தடை நீங்கியதும், 2013 ஜூனில் சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்தில் முதல் திருமணத்தை நடத்தியும் வைத்தார். மனசாட்சிக்கு இடம் கொடுக்க அந்தப் பதவியில் வழி இருந்தது. அவர் ஓரிடத்தில் கொடுத்தார், இன்னோர் இடத்தில் கொடுக்கவில்லை.

வீட்டுக்கடன் மோசடியில் பெரிய வங்கிகள் நீட்டிய தொகை போதாது என்று 2011-ல் பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்துபோய், அடுத்த ஆண்டு பல மடங்கு அதிகம் வாங்கிக்கொண்டு வந்ததும் இதே கமலாதான் என்பதை எழுதாமல் விட்டால் அது நியாயமாகாது.

2019 ஜனவரியில் ‘மக்களுக்காக’ என்ற முழக்கத்தோடு அதிபர் போட்டிக்கு வந்தார். நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வாசகம் அது. அறிவிப்புக்குச் சில நாள் முன்பே, அவர் முற்போக்கு வழக்கறிஞர் அல்ல என்று சட்டப் பேராசிரியர் லாரா பேசலோன் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதிவிட்டார். ஜூலை 31 டெட்ராய்ட் விவாதத்தில் துளசி கப்பார்ட் கஞ்சா வழக்குகளையும் மரண தண்டனைக் கைதியின் மரபணுப் பரிசோதனையையும் அடுக்கி நேருக்கு நேராகக் கேட்டார். கமலாவிடம் பதில் தடுமாறியது. செனட் குழுவில் ஜெஃப் செஷன்ஸையும் பிரெட் கவனாவையும் வில்லியம் பாரையும் கேள்வியால் திணறடித்தவர் அவர். குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவருக்குக் கூண்டில் நிற்கத் தெரியவில்லை. டிசம்பர் 3-ல் விலகினார்.

மே 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது, சிறைகளைக் குறைப்போம் என்ற குரல் உச்சிக்குப் போனது. அந்தக் குரல் எத்தனை நாள் நின்றது? கமலா இருந்த சான்பிரான்சிஸ்கோ நாற்காலியில் 2020-ல் உட்கார்ந்த சேசா பூடினை, 2022 ஜூனில் மக்களே திருப்பி அழைத்துவிட்டார்கள். கடைத் திருட்டும் தெருவில் போதையும் பெருகிவிட்டதாக அந்த ஊர் நினைத்தது. ட்ரம்ப் 34 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்ட 2024-ல், அவரை எதிர்த்து அதிபர் வேட்பாளரான கமலா வில்மிங்டனில் பேசிய முதல் உரையிலேயே, மோசடிக்காரர்களையும் பெண்களிடம் அத்துமீறியவர்களையும் நான் கையாண்டிருக்கிறேன், இந்த ஆளின் ரகம் எனக்குத் தெரியும் என்று பொருள்படச் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. ஆனால் விலைவாசிக்குப் பயந்திருந்த வாக்காளருக்கு அரசு வழக்கறிஞர் தேவைப்படவில்லை. தேர்வாளர் வாக்குகள் 312-க்கு 226 என்று ட்ரம்ப் பக்கம் முடிந்தது.

அந்தத் தேர்தலில் கலிபோர்னியா வாக்குச்சீட்டில் 36-ம் எண் முன்மொழிவு இருந்தது. திருட்டுக்கும் போதைக்கும் தண்டனையைக் கூட்டும் சட்டம். நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டபோது அவர் சொல்ல மறுத்தார். வாழ்நாளெல்லாம் குற்றவியல் சட்டத்தில் ஊறியவருக்கு அதில் ஒரு கருத்து இல்லாமல் இருக்காது. என்னை மிகவும் வருத்தியது அந்த மௌனம்தான். 2004-ல் கைதட்டலுக்கு எதிரே அமைதியாக உட்கார்ந்திருந்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

கடலுக்கு அந்தப்பக்கம் தென் கொரியா இதே பாடத்தை இன்னும் கடுமையாகப் படித்தது. அங்கே அதிபரான யூன் சுக் யோல் அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதே இல்லை. வாழ்க்கையின் பெரும்பகுதி அரசு வழக்கறிஞர். அதிபர் பார்க் குன் ஹேயின் ஊழலை விசாரித்த குழுவில் இருந்தார். தன்னைத் தலைமை அரசு வழக்கறிஞராக்கிய அரசாங்கத்தின் அமைச்சரையே விசாரித்தார். யாருக்கும் வளையாதவர் என்று மக்கள் நம்பினார்கள். 2022-ல் 0.73 சதவீத வித்தியாசத்தில் அதிபரானார். பழைய சகாக்களை அரசாங்கம் முழுக்க உட்கார வைத்ததைப் பார்த்து ‘வழக்கறிஞர் குடியரசு’ என்று எதிர்க்கட்சிகள் சொல்ல ஆரம்பித்தன. எதிர்ப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் அறிவித்தார். அன்றிரவே நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடி அதைத் தோற்கடித்தார்கள். 2025 ஏப்ரல் 4-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அவரைப் பதவி நீக்கியது. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தையே கலைக்கும் சட்டத்தை அந்த ஆண்டிலேயே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வழக்கு நடத்துபவருக்கு எதிரே இருப்பவர் எதிரி. ஆட்சி நடத்துபவருக்கு எதிரே இருப்பவரும் அவருடைய குடிமகனே. இந்த மாற்றத்தை வாரனிடம் பார்க்க முடிகிறது. யூனிடம் பார்க்க முடியவில்லை.

ஆகவே கடுமையானவரா, இளகியவரா என்று கேட்பதில் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான விடை அந்த ஆண்டின் செய்தித்தாளைப் பொறுத்து மாறும். ஒரு முன்னாள் அரசு வழக்கறிஞர் ஓட்டுக் கேட்டு வந்தால் கேட்க வேண்டியவை வேறு. தன் பக்கத்தைப் பலவீனப்படுத்தும் ஆதாரத்தை எதிர்த்தரப்பிடம் கொடுத்தாரா? நிரபராதி என்று தெரிந்த நாளில் கதவைத் திறந்தாரா, காலக்கெடுவைக் காட்டினாரா? மூடிய அறையில் ஏழையிடம் பேசிய பேரத்தையும் பணக்காரனிடம் பேசிய பேரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா? இந்தக் கேள்விகளை இடதுசாரி இளைஞர்கள் 2019-ல் பாதி கேட்டார்கள். கேட்ட வேகத்தில் மீமாக்கிவிட்டார்கள். போலீஸ் சங்கங்கள் கேட்டதே இல்லை.

ஓக்லாந்தில் மெரிட் ஏரிக்கரையில் அலமேடா கவுன்டி நீதிமன்றம் நிற்கிறது. 1930-களில் வாரன் மாவட்ட அட்டர்னியாக இருந்தபோது கட்டிய வெள்ளைக் கட்டடம். 2024 நவம்பர் 5 அன்று அந்தக் கவுன்டி வாக்காளர்கள் கமலாவை அதிபராக்கப் பெருவாரியாக வாக்களித்தார்கள். அதே வாக்குச்சீட்டைத் திருப்பி, தண்டனையைக் குறைப்பேன் என்று சொல்லி 2022-ல் ஜெயித்த தங்கள் மாவட்ட அட்டர்னி பமீலா பிரைஸைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.